கிரேயின் புத்தகம், கார்ட்டரின் எலும்புகள்: ஒரு வெளியாளின் வாசிப்பு

"கிரேஸ் அனாட்டமி" என்ற பெயரைக் கேட்காத மருத்துவ மாணவர் இருக்க முடியாது. அதே பெயரில் சிலேடையாக வந்த அமெரிக்க டிவி சீரியல் புண்ணியத்தில் மற்றவர்களும் கேட்டிருப்பார்கள். அலமாரியில் செங்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும் புத்தகம். எல்லாரும் மரியாதையாகப் பேசுவார்கள், ஆனால் முழுசாகப் படித்தவர் யாரென்று கேட்டால் பதில் வராது. நான் மருத்துவம் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் ஒரு பெரிய சிஸ்டத்தைப் புதுசாக வருகிறவருக்கு எப்படி விளக்குவது என்பது என் வேலையில் தினமும் வரும் தலைவலி. அந்தக் கண்ணோடு இந்தப் புத்தகத்தைப் படித்தேன். 1858-இல் வந்த முதல் பதிப்பின் ஸ்கேன் ஒரு பக்கம், 1918-இல் வந்த அமெரிக்க 20-ஆம் பதிப்பு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் காப்புரிமை முடிந்துவிட்டது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மொத்தப் புத்தகத்தையும் விமர்சிக்க எனக்குத் தகுதி இல்லை. எலும்பு, நரம்பு இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கேள்வியும் ஒன்றுதான்: உடம்பைப் பற்றி இந்தப் புத்தகம் எதை நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது, எதைப் பார்க்கவிடாமல் மறைக்கிறது?

இரண்டு ஹென்றிகள்

முதலில் கொஞ்சம் வரலாறு. ஹென்றி கிரே லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் உடற்கூறியல் ஆசிரியர். ஹென்றி வான்டைக் கார்ட்டர் அதே இடத்தில் படித்து மருத்துவரான இளைஞர், நன்றாகப் படம் வரைவார். 1856, 57 வாக்கில் இருவரும் சேர்ந்து உடல்களை அறுத்துப் பார்த்தார்கள். கிரே எழுதினார், கார்ட்டர் வரைந்தார். அந்தக் கால முறைப்படி மரக்கட்டையின் மேல் இடவலம் மாற்றி வரைய வேண்டும், அதன்பிறகு செதுக்குபவர் செதுக்குவார், அச்சில் நேராக வரும். 1858-இல் 750 பக்கம், 363 படங்களோடு புத்தகம் வெளியானது. அன்றைய தலைப்பு "அனாட்டமி: டிஸ்கிரிப்டிவ் அண்ட் சர்ஜிகல்".

பணக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கிரேவுக்கு விற்கிற ஒவ்வொரு ஆயிரம் பிரதிக்கும் 150 பவுன். கார்ட்டருக்கு மொத்தமாக ஒரே தடவை 150 பவுன். தலைப்புப் பக்கத்தின் அச்சுப்படி வந்தபோது கார்ட்டரின் பெயர் தன் பெயரின் அளவிலேயே இருப்பதைப் பார்த்து, அதைச் சின்ன எழுத்தாக்கச் சொன்னார் கிரே, கார்ட்டரின் பதவியையும் அடித்துவிட்டார். இதையெல்லாம் ரூத் ரிச்சர்ட்ஸன் என்ற வரலாற்றாசிரியர் 2008-இல் வந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். புத்தகம் கடைக்கு வந்தபோது கார்ட்டர் லண்டனிலேயே இல்லை. இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து பம்பாய் வந்துவிட்டார். கிரே 1861-இல் பெரியம்மை வந்து 34 வயதில் இறந்துபோனார். புத்தகம் மட்டும் இருவரையும் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது.

பெயர் பொருளின் மேலேயே

முதல் பதிப்பைத் திறந்ததும் என்னைப் பிடித்து நிறுத்தியவை எலும்புப் படங்கள்தான். கிரேயின் உரைநடை வரண்டது. தலை, கழுத்து, மேற்பரப்பு, கீழ்ப்பரப்பு என்று ஒரே வாய்ப்பாடு. கார்ட்டரின் படத்தில் வேறொரு விஷயம் நடக்கிறது. ஒவ்வொரு உறுப்பின் பெயரும் அந்த உறுப்பின் மேலேயே எழுதியிருக்கிறது. எலும்பில் எந்தத் தசை எங்கே ஒட்டுகிறதோ அந்த இடத்தைப் புள்ளிக்கோடு போட்டு வளைத்து, உள்ளேயே தசையின் பெயர். ரத்தக்குழாய் வளைந்தால் எழுத்தும் அதோடு வளைந்து போகிறது, வரைபடத்தில் ஆற்றின் பெயர் எழுதியிருக்குமே, அந்த மாதிரி. புள்ளிக்கோட்டு முறை லூதர் ஹோல்டனின் எலும்பியல் நூலில் அதற்குச் சற்று முன்பே வந்ததுதான். அதைக் கிரே நேர்மையாகச் சொல்லிவிடுகிறார். ஆனால் பெயரைப் பொருளின் மேலேயே எழுதுவதைப் புத்தகம் முழுக்கக் கொண்டுபோனது கார்ட்டரின் கை.

இதென்ன பெரிய விஷயம்னு தோணலாம். அன்று புழக்கத்தில் இருந்த குவெயின் நூலைப் போன்ற பாடநூல்களில் படத்தின் மேல் சின்னச் சின்ன எழுத்தோ எண்ணோ இருக்கும், விளக்கம் கீழேயோ பக்கத்திலோ இருக்கும். "7" என்று பார்த்து, கீழே இறங்கி, ஏழு என்னவென்று படித்து, மறுபடி மேலே ஏறி, எந்த ஏழு என்று தேட வேண்டும். என் பாஷையில் சொன்னால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு லுக்கப். ஒரு படத்தில் முப்பது பெயர் என்றால் முப்பது தடவை கண் கீழே போய் மேலே வரணும். கார்ட்டர் அந்த லுக்கப்பை முழுசாக எடுத்துவிட்டார். பார்க்கிற இடமும் படிக்கிற இடமும் ஒன்றாகிவிட்டது. மனப்பாடம் செய்கிற மாணவனுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது பரீட்சைக்குப் படித்த எல்லாருக்கும் புரியும்.

இன்னொன்றும் உண்டு. பெயரைப் படத்தின் மேல் எழுத வேண்டுமானால் படத்தில் இடம் வேண்டும். அதனால் கார்ட்டர் தேவையில்லாத நிழல், அலங்காரம் எல்லாவற்றையும் குறைத்துவிட்டார். பழைய உடற்கூறு நூல்களில் எலும்புக்கூடு மலையடிவாரத்தில் நின்று யோசித்துக்கொண்டிருக்கும். கார்ட்டரின் எலும்பு வெள்ளைத் தாளில் தனியாகக் கிடக்கிறது. நல்ல டாக்குமென்டேஷன் எழுதுகிறவர்கள் இந்தக் கட்டுப்பாட்டை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இது வரைக்கும் பாராட்டு.

பள்ளம் ஒரு பக்கம், நரம்பு ஒரு பக்கம்

ஹியூமரஸ் என்கிற மேற்கை எலும்பை எடுத்துக்கொள்வோம். தோளிலிருந்து முழங்கை வரை வரும் ஒற்றை எலும்பு. அதன் நடுப்பகுதியின் பின்பக்கத்தில் சாய்வாக ஆழமில்லாத ஒரு பள்ளம் ஓடுகிறது. எலும்பு அத்தியாயத்தில் இந்தப் பள்ளத்தை ஒரு நரம்போடும் ஒரு தமனியோடும் சேர்த்துக் கிரே குறிப்பிடுகிறார். அவ்வளவுதான், அடுத்த விளிம்புக்குப் போய்விடுகிறார். அந்த நரம்பைப் பற்றித் தெரிய வேண்டுமானால் மூட்டுகள், தசைகள், தமனிகள், சிரைகள், நிணநீர்க் குழாய்கள் எல்லாம் தாண்டிப் பல நூறு பக்கம் தள்ளி நரம்பு மண்டல அத்தியாயத்துக்கு வரணும். அன்று அதற்குப் பெயர் மஸ்குலோ ஸ்பைரல் நரம்பு. இன்று ரேடியல் நரம்பு என்கிறோம். அந்த நரம்பு தூக்கிப்பிடிக்கிற தசைகள் இன்னொரு அத்தியாயத்தில்.

டேட்டாபேஸ் தெரிந்தவர்களுக்கு இது பழகிய வடிவம். ஒவ்வொரு தகவலும் ஒரே ஒரு இடத்தில், அதற்கான அட்டவணையில். எலும்புக்கு ஒன்று, தசைக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று. சேமிக்க மிகச் சுத்தமான முறை. ஆனால் கேள்வி கேட்கும்போது நான்கு அட்டவணையை இணைக்க வேண்டும், அந்த இணைப்பு வேலை முழுக்க வாசகர் தலையில். நோயாளியோ அத்தியாயம் அத்தியாயமாக வருவதில்லை.

ஒரு உதாரணம் சொல்றேன். என் அக்கா பையன் பைக்கில் சறுக்கி விழுந்து மேற்கை எலும்பை நடுவில் உடைத்துக்கொண்டான். மாவுக்கட்டு போட்டாச்சு. ஆனால் கை மணிக்கட்டிலிருந்து கீழே தொங்குகிறது, தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை. விரலையும் நீட்ட முடியவில்லை. ஒரு டம்ளரை இறுக்கிப் பிடிக்கவும் வரவில்லை. உடைந்தது மேலே, தொங்குவது கீழே. குடும்பத்தில் யாருக்கும் இது புரியவில்லை. "அங்க குளுக்கோஸ் ஏத்த நரம்புல குத்திக் குத்தி எடுத்தாங்கள்ல, அதான் நரம்பு செத்துப்போச்சு" என்று என் அம்மா முடிவுகட்டிவிட்டார். மாமா அந்த ஆஸ்பத்திரி மேல் கேஸ் போடணும் என்றார்.

நடந்தது என்ன? ரேடியல் நரம்பு அந்தப் பள்ளத்தில் எலும்பை ஒட்டிப் போகிறது. எலும்பு நடுவில் உடைந்தால் நரம்பு இழுபடும், நசுங்கும், அபூர்வமாக அறுந்தும் போகும். மணிக்கட்டையும் விரல்களையும் பின்பக்கம் தூக்குகிற தசைகளுக்கு உத்தரவு போவது இந்த நரம்பு வழியாகத்தான். அதனால்தான் மணிக்கட்டு தொங்குகிறது. முழங்கையை நீட்டுகிற தசைக்கான கிளைகள் பெரும்பாலும் பள்ளத்துக்கு மேலேயே பிரிந்துவிடுவதால் முழங்கை நீளும். பிடிமானம் ஏன் குறைகிறது? விரலை மடக்கும் தசைகளுக்கு வேறு நரம்பு, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மணிக்கட்டு நிமிர்ந்து நின்றால்தான் அந்தத் தசைகளால் இறுக்க முடியும். நீங்களே மணிக்கட்டை முழுசாக உள்பக்கம் மடக்கிக்கொண்டு ஒரு பேனாவை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள்.

மருத்துவர் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. அறுபடாத உறைக்குள் நரம்பிழை மட்டும் சேதமாகியிருந்தால், அது நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். உடைந்த இடத்திலிருந்து முதல் தசை 10 சென்டிமீட்டர் தள்ளி என்றால் ஏறக்குறைய 100 நாள். அருகில் இருக்கிற தசை முதலில் விழிக்கும், விரலைத் தூக்குகிற தசைகள் கடைசியில். நான்காவது மாசம் மணிக்கட்டு லேசாக அசைந்தது. கேஸ் பேச்சு அதோடு நின்றது.

இந்த ஒரு கையைப் புரிந்துகொள்ள எலும்பு, தசை, நரம்பு, நரம்பின் வளர்ச்சி நான்கும் ஒரே நேரத்தில் வேண்டும். கிரேயில் முதல் மூன்றும் மூன்று இடத்தில் இருக்கின்றன. நான்காவது அந்தப் புத்தகத்தின் வேலையே இல்லை. வடிவத்தை விவரிப்பதுதான் அதன் நோக்கம், இயக்கத்தை அல்ல. அதற்காகக் கிரேயைத் திட்ட முடியாது. ஆனால் காலத்தைக் கவனியுங்கள். வெட்டிய நரம்பின் மறுமுனை சிதைந்துபோவதைத் தவளை நாக்கின் நரம்பில் அகஸ்டஸ் வாலர் 1850-இலேயே காட்டிவிட்டார். அதே 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் செய்தி போகும் வேகத்தை அளந்தார், நொடிக்குச் சுமார் 30 மீட்டர் வந்தது. நரம்பு உயிருள்ள, வேலை செய்கிற, சாகிற, திரும்ப வளர்கிற பொருள் என்பது எட்டு வருஷத்துக்கு முன்பே தெரியும். கிரேயின் பக்கத்தில் நரம்பு "அ"-வில் புறப்பட்டு "ஆ"-வில் முடிகிற நூல். எலும்பும் அப்படித்தான். கார்ட்டர் வரைந்தது காய்ந்த எலும்பு. நம் உடம்பில் இருப்பதோ அரித்துக்கொண்டும் கட்டிக்கொண்டும் இருக்கிற எலும்பு. வளர்ந்தவர்களின் எலும்புக்கூட்டில் வருஷத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு புதுசாக மாறுகிறது. இந்த அழகான படங்கள் மனசில் பதிந்த அளவுக்கு அந்த உண்மை பதியாமல் போனதும் இந்தப் புத்தகத்தின் விளைவுதான்.

நரம்புன்னா எது?

அம்மாவின் தவறான முடிவுக்கு இன்னொரு காரணம் நம் மொழியில் இருக்கிறது. டிரிப்ஸ் ஏற்றுவது சிரையில். ஆனால் வீட்டுத் தமிழில் அதுவும் நரம்புதான். கோபத்தில் கழுத்தில் புடைப்பதும் நரம்பு. காலில் சுருண்டு நிற்பதும் நரம்பு. யாழில் கட்டிய தந்தி நரம்பு. இலையில் ஓடுவது நரம்பு, பள்ளிப் பாடநூலே நரம்பமைவு என்கிறது. நரம்புச் சிலந்தி என்பது ஒரு புழு, அதில் நரம்பும் இல்லை சிலந்தியும் இல்லை. நரம்புத் தளர்ச்சி என்றால் என்னவென்று சுவர் விளம்பரம் படித்த எல்லாருக்கும் தெரியும், அதற்கும் நரம்பியலுக்கும் சம்பந்தமில்லை.

இதை வைத்துத் தமிழ் அறிவியலுக்கு லாயக்கில்லை என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். லத்தீன் "நெர்வஸ்", கிரேக்க "நியூரான்" இரண்டுக்கும் பழைய பொருள் தசைநாண், வில்லின் நாண். கதை அச்சு அசலாக நம்முடையதேதான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் ஹெரோஃபிலஸ்தான் உணர்வு கடத்துகிற நூலையும் தசைநாணையும் பிரித்துப் பார்த்தார். பழைய பொருளின் தடம் இன்னும் மருத்துவத்திலேயே கிடக்கிறது: தட்டையான தசைநாணுக்கு "அபோநியூரோசிஸ்" என்று பெயர், அதில் நரம்பே கிடையாது. சமஸ்கிருத "ஸ்நாயு" வங்காளத்தில் நரம்பு, கன்னடத்திலும் மராத்தியிலும் தசை. ஐரோப்பாவிலும் பெயர்க் குழப்பம் 1895 வரை இருந்தது. அந்த வருஷம் பாசல் நகரில் கூடித்தான் ஒரே உறுப்புக்கு இருந்த பல பெயர்களைக் கழித்து ஏறக்குறைய 5,000 பெயர்களாகச் சுருக்கினார்கள். மஸ்குலோ ஸ்பைரல் போய் ரேடியல் நிலைபெற்றது இந்த வழியில்தான்.

ஆக, ஒரு சொல் பல பொருளுக்கு வழங்குவது எல்லா மொழிக்கும் உள்ள வியாதி. மருந்து என்ன? சொல் பட்டியல் இல்லை. நம்மிடம் கலைச்சொல் பட்டியலுக்குப் பஞ்சமே கிடையாது. சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். நான்காயிரம் பக்கத்துக்கு மேல் மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அதில் கிரேயின் இந்த நூலும் ஒன்று: "மனுஷ அங்காதிபாதம்", 1872. மூலம் வந்து 14 வருஷத்தில் தமிழில். வேதியியலுக்குக் "கெமிஸ்தம்" என்று பெயர் வைத்த துணிச்சல்காரர் அவர். அங்காதிபாதம் நிலைக்கவில்லை, உடற்கூறியல் நிலைத்தது. பரவாயில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம், தமிழில் மருத்துவம் படிக்கிற வகுப்பறை நிலைக்கவில்லை. வகுப்பறை இல்லாத கலைச்சொல் அகராதியிலேயே தூங்கும். சிரை, தமனி, தசைநாண், தசைநார் எல்லாம் பத்தாம் வகுப்புப் பரீட்சையோடு முடிந்துபோவது அதனால்தான்.

கார்ட்டரின் பாடம் இங்கேதான் உதவும் என்று நினைக்கிறேன். பெயரைப் பொருளின் மேலேயே எழுது. ஒரே படத்தில் சிரையின் மேல் சிரை என்றும், நரம்பின் மேல் நரம்பு என்றும், நாணின் மேல் தசைநாண் என்றும் எழுதியிருப்பதை ஒரு தடவை பார்த்த அம்மாவுக்கு அகராதி தேவைப்படாது.

கார்ட்டர் பம்பாயில் பார்த்தது

என் வாசிப்பில் எதிர்பாராமல் கிடைத்தது கார்ட்டரின் பிற்கால வாழ்க்கை. பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தபடி அவர் இரண்டு நோய்களை ஆராய்ந்தார். ஒன்று எலும்பைத் தின்பது, மற்றது நரம்பைக் கொல்வது.

முதல் நோய்க்கு நம் ஊர்ப் பெயர்: மதுரா ஃபுட், அதாவது மதுரைக் கால். 1842-இல் மதுரையில் ஜான் கில் என்ற மருத்துவர் பதிவு செய்த நோய். வெறுங்காலோடு வயலில் நிற்பவரின் காலில் முள் குத்திய வழியாகக் கிருமி ஏறி, பாதம் வீங்கி, துளை துளையாகச் சீழ் வடிந்து, கடைசியில் எலும்பை அரித்துவிடும். இதற்கு மைசெட்டோமா என்று பெயர் வைத்துப் பூஞ்சைதான் காரணம் என்று காட்டியவர் கார்ட்டர். 1874-இல் அவரே வரைந்த படங்களோடு தனி நூலாக வந்தது. பூஞ்சையோடு சில பாக்டீரியாக்களும் இதே நோயைத் தரும் என்பது பிறகு தெரிந்தது. விசித்திரம் என்னவென்றால் இந்த நோய் எலும்பை அரித்தாலும் நரம்பையும் தசைநாணையும் நெடுநாள் விட்டுவைக்கும்.

இரண்டாவது தொழுநோய். கார்ட்டர் தொழுநோயாளிகளின் நரம்புகளை அறுத்துப் பார்த்து, அவை தடித்துப்போயிருப்பதை விவரித்தார். நார்வேக்கே போய் அங்கே நடந்த ஆய்வுகளைப் பார்த்து அறிக்கை எழுதினார். அங்கேதான் 1873-இல் ஹான்சன் கிருமியைக் கண்டார். தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த பகுதி பிடிக்கும். தோலுக்கு அருகில், எலும்பை ஒட்டி நரம்பு மேலே வருகிற இடங்கள்: முழங்கையின் உட்புற மேட்டுக்குப் பின்னால் அல்னர் நரம்பு, முட்டிக்குக் கீழே வெளிப்பக்க எலும்பான ஃபிபுலாவின் கழுத்தில் பெரோனியல் நரம்பு. முழங்கை இடித்தால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அதே இடம்தான். அல்னர் போனால் விரல்கள் நகம் மாதிரி வளைந்துகொள்ளும். பெரோனியல் போனால் பாதம் தொங்கும்.

அடுத்து வருவதுதான் என் வாதத்துக்கு முக்கியம். தொழுநோயில் விரல் எலும்பு கரைந்து குட்டையாவதைப் பார்த்து, நோய்தான் விரலைத் தின்கிறது என்று காலம் காலமாக நம்பினார்கள். கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இதைத் தன் நோயாளிகளோடு இருந்து கவனித்தார். விரல் தானாக விழவில்லை. வலி தெரியாத கை சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறது, துருப்பிடித்த சாவியைத் தோல் கிழியும் வரை திருகுகிறது. காயம் வலிக்காததால் கவனிக்கப்படாமல் புண்ணாகி எலும்பு வரை போய் எலும்பைக் கரைக்கிறது. எலும்பு போனதற்குக் காரணம் நரம்பு போனது. நல்ல தசையின் நாணை இடம் மாற்றிக் கட்டி வளைந்த விரல்களை அவர் திறக்க வைத்தார். அதோடு, கைப்பிடி தடித்த கருவிகள், காலுக்கேற்ற செருப்பு, தினமும் கண்ணால் கை காலைப் பரிசோதிக்கும் பழக்கம். வலி செய்யவேண்டிய வேலையைக் கண்ணுக்குக் கொடுத்தார்.

எலும்பு அத்தியாயத்தை மட்டும் எவ்வளவு நுணுக்கமாகப் படித்தாலும் இந்த விடை கிடைக்காது. நரம்பு அத்தியாயத்தை மட்டும் படித்தாலும் கிடைக்காது. அத்தியாயம் பிரிப்பது வெறும் அச்சு வசதி இல்லை, எந்தக் கேள்வி தோன்றும், எது தோன்றவே தோன்றாது என்பதையும் அது தீர்மானிக்கிறது.

146 வருஷம் கழித்து

இந்தக் குறையைப் பதிப்பாசிரியர்களும் உணர்ந்தார்கள். 1858-இலிருந்து 38-ஆம் பதிப்பு வரை மண்டலம் மண்டலமாக வந்த புத்தகம், சூசன் ஸ்டாண்ட்ரிங் தலைமையில் 2004 இறுதியில் வந்த 39-ஆம் பதிப்பில் உடற்பகுதிவாரியாக மாறியது. மேற்கை என்றால் அங்குள்ள எலும்பு, தசை, குழாய், நரம்பு எல்லாம் ஒரே இடத்தில். நம் நாட்டு மாணவர்கள் கையிலிருக்கிற சௌராசியாவின் நூல் ஆரம்பத்திலிருந்தே பகுதிவாரிதான். மாணவர்கள் அதைத் தேடிப்போவதற்கு விலை மட்டும் காரணமில்லை, நோயாளி வருகிற வரிசையில் அது எழுதப்பட்டிருக்கிறது.

இதில் நஷ்டமும் உண்டு. முதுகெலும்பில் கிளம்பிச் சுண்டுவிரல் நுனி வரை ஒரு நரம்பை ஒரே மூச்சில் பின்தொடர்கிற சுகம் பகுதிவாரி நூலில் கிடைக்காது. கழுத்தில் ஒரு துண்டு, அக்குளில் ஒரு துண்டு, முழங்கையில் ஒரு துண்டு. அதனால் என் சிபாரிசு இது. முதலாண்டு மாணவர் பகுதிவாரி நூலைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். ஒரு நரம்பின் முழுப் பயணத்தையும் பார்க்க 1918 பதிப்பைத் திறக்கட்டும். எலும்புக்கு மட்டும் முதல் பதிப்பின் கார்ட்டர் படங்கள். கிரேயின் உரையை வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

ஒரு கடைசிக் குறை பாக்கி இருக்கிறது. படத்தில் சின்னஞ்சிறு துளைக்குக்கூடப் பெயர் உண்டு. அந்த உடல்கள் யாருடையவை? 1832-ஆம் வருஷத்து உடற்கூறுச் சட்டப்படி, உரிமை கோர ஆளில்லாமல் லண்டன் ஏழை விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் இறந்தவர்களின் உடல்கள்தான் மேஜைக்கு வந்தன. அவர்கள் சம்மதம் யாரும் கேட்கவில்லை. நம் ஊரிலும் 1949-இன் பம்பாய் உடற்கூறுச் சட்டம் உள்பட மாநிலச் சட்டங்கள் ஏறக்குறைய இதே வழியைத்தான் திறந்தன. தானாக முன்வந்து உடல்தானம் செய்பவர்கள் இருப்பது ஓர் ஆறுதல். முன்னுரையில் அந்தப் பெயரில்லாதவர்களுக்கு ஒரு வரி நன்றி எழுதியிருந்தால் 750 பக்கம் 751 ஆகியிருக்காது.

1918 பதிப்பின் படங்கள் பொதுச்சொத்து. அவற்றில் நான்கை எடுத்து, ஆங்கிலப் பெயர்களை அழித்துவிட்டு, தமிழ்ப் பெயர்களை உறுப்பின் மேலேயே எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்: மேற்கை எலும்பின் பின்பக்கம், முழங்கையின் உட்புறம், ஃபிபுலாவின் கழுத்து, உள்ளங்கை. நான்கிலும் எலும்பும் நரம்பும் சேர்ந்தே இருக்கும். "பள்ளம்" என்று எழுதுவதா "வரிக்குழி" என்று எழுதுவதா என்பது போன்ற சில்லறைச் சண்டைகள் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்போதைக்கு வீட்டில் என்ன சொல்வோமோ அதுதான் ஜெயிக்கிறது. மருத்துவம் படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுத்தால் அடுத்த பதிவில் படங்களைப் போடுகிறேன்.